தேறாத புத்தகம்

பள்ளி நூலகத்துக்கான தேர்வுக் கூட்டத்தில் கடைசியாக மிஞ்சியது, தொலைந்துபோன யானைக்குட்டியின் கதை.

"அருமையா இருக்கே, சேத்துடலாமா?" என்று தலைமையாசிரியர் முத்திரையைக் கையில் எடுத்தார்.

அதை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துப் பார்த்திருந்த டீச்சருக்குப் பகீரென்றது. "வேண்டாம் சார்! சின்னப் பிள்ளைங்க அழுதுடும்."

"கடைசியில குட்டி அம்மாகிட்ட சேந்துடுதே?"

"அதுவரைக்கும் தாங்காது சார். பெத்தவங்க வந்து நம்ம சட்டையைப் பிடிப்பாங்க."

அவர் கை அந்தரத்தில் நின்றது.

"சரி, கழிச்சுக் கட்டுங்க. வேணுங்கிறவங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாம்."

அவர் வாய் மூடுமுன் புத்தகம் டீச்சரின் பைக்குள் போய்விட்டது.

வீட்டு வாசலிலேயே மகள் அதைப் பறித்தாள். "நேத்து பாதியிலயே பிடுங்கிட்டியேம்மா!"

"இனிமே இது உனக்கே உனக்குத்தான்டி தங்கம்."

மகளின் முகம் சுருங்கியது. "அப்ப நம்ம ஸ்கூல் லைப்ரரிக்கு வராதா? இன்னிக்குப் பாதிக் கதை சொன்னதுக்கே, குட்டி கிடைக்குமான்னு எங்க கிளாஸே அழுதுதும்மா. லைப்ரரிக்கு வந்துடும்னு சொல்லித்தான் அழுகையை நிறுத்தினேன்!"