நான்காவது லாரி

தையல்காரி மதியச் சாப்பாடு முடிந்ததும் கம்ப்யூட்டரில் லாரி கம்பெனி நடத்துவாள். மலிவாகக் கிடைத்த கேம். அதில் அவளுக்கு நான்கு லாரிகள், சம்பளத்துக்கு நான்கு டிரைவர்கள். நிஜத்தில் லாரி ஓட்டுகிறவர் அவள் கணவர்.

கணவர் கிளம்பும் நாளில்தான் கேமில் நான்காவது லாரியும் கிளம்பியது. அவர் திரும்பும் நாளில் திரும்பியது. இந்த முறை அது மூன்று நாளாகத் துறைமுகத்தில் நின்றது. சிமெண்ட் ஆலையில் இருப்பதாகச் சொல்லியிருந்தார் கணவர்.

போன் போட்டாள். "துறைமுகத்துலயா இருக்கீங்க?"

"யாரு சொன்னா உனக்கு?"

"அப்போ ஆலைன்னு சொன்னது பொய்யா?"

"இங்க ஸ்ட்ரைக்கு. நீ பயப்படுவியேன்னு சொல்லல. இன்னும் மூணு நாளாகும்."

அவளுக்கு மனசு ஒப்பவில்லை. பேசிக்கொண்டே, திரையில் நான்காவது லாரியைத் திரும்ப அழைக்கும் பொத்தானை அழுத்தினாள். வந்து சேரும் நேரம் 4.10 என்று காட்டியது. மணி அப்போது 4.08. துறைமுகம் ஒரு பகல் தூரம்.

இரண்டு நிமிடத்தில் தெருவில் ஒரு லாரி வந்து நின்றது. மாடி ஜன்னல் வழியே பார்த்தாள். கணவர் ஓட்டும் லாரிதான், அதே நம்பர்.

"உங்க வண்டி எங்க?"

"என்ன கேள்வி இது? அதுக்குள்ளதான் உக்காந்திருக்கேன்."

அவர்கள் வீட்டு கேட் துருப்பிடித்திருந்தது. முழங்காலால் முட்டிக்கொண்டே கொக்கியைத் தூக்க வேண்டும். வெளியாட்கள் யாருக்கும் அது வராது. கீழே அது ஒரே முட்டில் கிறீச்சென்று திறந்தது.

அந்தச் சத்தம் போனில் கேட்டுக் கணவரின் குரல் மாறியது.

"நம்ம கேட்ட அவ்வளவு லேசாத் தொறக்குறது யாரு?"