பத்து டன் போர்க்கப்பல்

பியோரியா நகரில், கர்ட் வீட்டு நிலவறையில், சனிக்கிழமை விண்வெளி விளையாட்டுக்காக மூவரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அந்த விளையாட்டில் கர்ட்டின் சரக்கு விண்கப்பலுக்கு ஆறு வருடமாக வெண்டல்தான் சமையல்காரன். இன்று சொந்தக் கப்பல் ஒன்றைத் தாளில் வடிவமைத்து வந்திருந்தான். நடுவரான வெண்டலின் மனைவி மார்லிஸ் அதைப் போர்க்கப்பல் என்று வகைப்படுத்திவிட்டால், அவன் கேப்டன்.

“மொத்தம் பத்து டன். எஞ்சின் நாலு, எரிபொருள் மூணு, வெடிகுண்டு மூணு. ஒரு கிலோகூட வீணாக்கல,” என்றான்.

மார்லிஸ் இரண்டு முறை கூட்டிப் பார்த்தாள். “கணக்கு சரிதான். யாரு ஓட்டுறது?”

“நான்தான்!”

“நீ எங்க உட்காருவே? சீட்டே போடலையே.”

வெண்டல் தாளைத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

“ஆளுக்கு இடமில்லாம எஞ்சினும் குண்டும் மட்டும் இருந்தா, விதிப்படி அது கப்பல் இல்ல, ஏவுகணை,” என்று சொல்லி அப்படியே எழுதிக் கையெழுத்திட்டாள்.

“நீயெல்லாம் ஒரு பொண்டாட்டியா?”

கர்ட் அவன் தோளைத் தட்டினான். “விடுடா. உன் உழைப்பு வீணாகாது. என் கப்பல்லயே மாட்டிக்கலாம். பத்து டன் இடம் வேணும், அவ்வளவுதான்.”

“இருக்கா?”

“சமையலறையைத் தூக்கிட்டா சரியா இருக்கும்.”