கள்ளில் கேட்ட கெஞ்சல்

பனைமரத்தில் கட்டியிருந்த கலயத்துக் கள்ளை மரநாயும் வௌவாலும் ருசி பார்த்தன. ருசியைச் சொல்லாமல் அடுத்த வாய் குடிப்பதில்லை என்பது அவற்றின் வழக்கம்.

"முதல்ல நனைஞ்ச கோணிப்பை. அப்புறம் கற்பூரம்," என்றது மரநாய்.

"கடைசியில லேசா ஒரு கெஞ்சல்," என்றது வௌவால்.

"அது நான்தாங்க. முங்கிக்கிட்டிருக்கேன், தூக்கி விடுங்க," என்றது கலயத்துக்குள் கிடந்த வண்டு.

"கெஞ்சல் இல்ல, ஏக்கம்," என்று மறுத்த மரநாய், வாலைக் கள்ளுக்குள் விட்டது. "ஏறி வா. அதுக்கு முன்னாடி, உள்ளயே இருக்கிறவன், நீயே சொல்லு."

வண்டிடம் யாரும் இதுவரை கருத்துக் கேட்டதில்லை. பிடித்த வாலை விட்டுவிட்டு நிதானமாக ஒரு வாய் குடித்தது.

"ரெண்டுமில்லீங்க. இது வந்து..." என்று யோசித்தபடியே முங்கிப்போனது.

இரண்டும் காத்திருந்தன. பிறகு வௌவால் ஒரு வாய் குடித்துப் பார்த்துத் தலையாட்டியது.

"மௌனம். சரியாத்தான் சொல்லியிருக்கான்."