தங்கும் எண்ணம்

நகரத்தில் யார் தங்கலாம் என்பதை மனதைப் படிக்கும் கருவி முடிவு செய்ய ஆரம்பித்த வருஷம், வழிவிட்டானையும் அவர் மகன் தர்ஷனையும் ஒரே நாளில் அனுமதி அலுவலகத்துக்கு அழைத்தார்கள்.

கமுதிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து இளவட்டமாக வந்து லாரிப் பட்டறையில் சேர்ந்தவர் வழிவிட்டான். "இதெல்லாம் ஒரு ஊரா? அடுத்த வருஷம் கெளம்பிருவேன்" என்று வாய் ஓயாமல் சொல்வார். அதை நம்பி அவர் மனைவி செல்லத்தாய் ஒரு கட்டில்கூட வாங்கவில்லை. தர்ஷனோ நகரத்திலேயே பிறந்து வளர்ந்தவன். சொந்த ஊரைப் பார்த்ததே கிடையாது.

அலுவலகப் பெண் முடிவைச் சொன்னாள்.

"ஐயா, உங்களுக்குத் திரும்பிப் போற நெனப்பு துளிகூட இல்ல. நிரந்தர அனுமதி கெடைச்சிருச்சு. தம்பிக்கு மனசெல்லாம் வெளிநாட்டுலதான் இருக்கு. இங்க தங்க மனசில்லாதவங்க பூர்வீகத்துக்குப் போயிரணும்."

"நான் இங்கதாங்க பொறந்தேன்" என்றான் தர்ஷன்.

"அதக் கருவி பாக்காது தம்பி."

கூட வந்திருந்த செல்லத்தாய் கணவரை ஏறிட்டுப் பார்த்தாள்.

"துளிகூட இல்லையாமே?"

அவர் செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே போனார்.

மறுநாள் பேருந்து நிலையத்தில் பையைத் தோளில் மாட்டியபடி தர்ஷன் கேட்டான்: "அப்பா, நம்ம ஊருக்கு எங்க எறங்கணும்?"

வழிவிட்டான் யோசித்தார். கமுதி வரைக்கும் வழி ஞாபகமிருந்தது. அதற்கப்புறம் கிழக்கா மேற்கா என்றே பிடிபடவில்லை.

"கமுதியில எறங்கி, யார்ட்டயாச்சும் கேளுப்பா" என்றார்.