சாய்சதுரக்காரர்

“டீச்சர், உங்க சாய்சதுரம் வந்தாச்சு!”

பக்கத்து மேஜைக்காரர் விடைத்தாளைத் தூக்கிப் போட்டார். தபால் வழிக் கல்வி அலுவலகத்தில் அந்த மாணவருக்கு அதுதான் பட்டப்பெயர். இணைகரமோ சரிவகமோ, எதைக் கொடுத்தாலும் நாலு பக்கமும் சமம் என்று அடித்துச் சொல்லிவிட்டுத்தான் நிரூபிக்கவே ஆரம்பிப்பார்.

“அஞ்சு மாசமா பெயில். இந்தத் தடவையும் கோட்டை விட்டா, விதிப்படி பேரை எடுத்துடலாம். மண்டையில ஒண்ணும் இல்லாத ஆளுக்கு எதுக்கு வடிவியல்?”

டீச்சருக்கும் எரிச்சல்தான். சரியான விடைக்கு ஒரு டிக், தப்புக்கு ஒரு பக்கம் விளக்கம் என்பது அவள் வழக்கம். இவருக்கு மட்டும் மாசா மாசம் அஞ்சு பக்கம்!

ஆனால் வீட்டில் சுவரோடு பேசுகிறவளுக்கு, அந்தப் பக்கங்களை எழுதும்போது யாரிடமோ பேசுகிற மாதிரி இருக்கும். அதை வெளியே சொல்வாளா?

தாளைப் பிரித்தாள். நாற்கரத்தைக் கடிகார முள் திசையில் சுழற்றச் சொன்னால், மனுஷன் எதிர்த்திசையில் சுழற்றி வைத்திருக்கிறார். கடவுளே!

சிவப்புப் பேனாவை எடுத்தவள் நிறுத்தினாள். தாள் அங்கே தேய்ந்திருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ரப்பரால் அழித்த பென்சில் தடம். நாலு முனையும் அச்சுப் பிசகாமல் சரியான இடத்தில்!

அடுத்த பக்க நிரூபணத்திலும் அப்படியே. வரிக்கு வரி காரணத்தோடு சரியாக எழுதி, அழித்து, அதன்மேல் சாய்சதுரம்.

“சரியாப் போட்டுட்டு அழிக்கிறாரா? பைத்தியமா என்ன?” எட்டிப் பார்த்தார் பக்கத்து மேஜைக்காரர்.

அவள் விண்ணப்பத்தைத் தேடி எடுத்தாள். வயது ஐம்பத்தேழு. வேலை, கிடங்குக் காவலாளி. ‘உடன் வசிப்பவர்கள்’ என்ற இடத்தில் வெறும் கோடு.

டீச்சருக்கு இப்போது புரிந்தது. சரியாப் போட்டா ஒரு டிக்தானே கிடைக்கும்!

அழித்த விடைகளுக்கே முழு மார்க் போட்டாள். “இனிமே அழிக்காதீங்க ஐயா. சரியாப் போட்டாலும் ஒரு பக்கம் எழுதறேன்” என்று தொடங்கி, தாள் நிறைய எழுதினாள்.

“டீச்சர், சரிவகத்தோட மூலைவிட்டங்கள் ஒண்ணையொண்ணு சரிபாதியா வெட்டும்னு கடைசி வரியில எழுதியிருக்கீங்களே, தப்பாச்சே!”

“தெரியும்.” அவள் உறையை ஒட்டினாள். “அவர் திருத்தி அனுப்பட்டும். எனக்கும் ஒரு பக்கம் வர வேண்டாமா?”