ஆற்றில் மிதந்த முதுகு

ஆபீஸில் அவருக்குக் கழுகு என்று பட்டப்பெயர். வைத்தவரும் அவர்தான்.

இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கேஸ்களை மோப்பம் பிடிப்பது அவர் வேலையாக இருந்தது. அதிலும் முதுகுவலிக் கேஸ் என்றால் கரும்பு தின்னக் கூலி வாங்குவது மாதிரி. முதுகு ஒடிந்துவிட்டதென்று பணம் கேட்டவன் மாடிப்படி ஏறி முடிப்பதற்குள், மேல்படியில் கேமராவும் கையுமாகக் கழுகு உட்கார்ந்திருப்பார்.

அப்பேர்ப்பட்டவர் உடம்பு முடியவில்லை என்று முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டோடு வந்தபின், துப்பறிய மிச்சம் இருந்தது மனைவி ஒளித்து வைக்கும் பிஸ்கட் டப்பா ஒன்றுதான். அதையும் அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆகவே பழைய மேனேஜர் போன் செய்தபோது அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. லாரியிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்ததாக நஷ்டஈடு கேட்கும் ஆசாமி ஒருவன், ஞாயிற்றுக்கிழமை ஆற்றில் ட்யூப் ஏறி மிதக்கப் போகிறானாம். அவனைப் பிடிக்கக் கழுகை விட்டால் ஆள் இல்லையாம். பிடித்துக் கொடுத்தால் ஆலோசகர் என்று பெயர் போட்டுப் பழைய நாற்காலியிலேயே உட்கார வைத்துவிடுவாராம். அந்த நாற்காலியை நினைத்துக் கழுகு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

காலையில் வாசலில் மனைவி கைத்தடியை நீட்டினாள்.

"ஆத்துல எதுக்குடி கைத்தடி? மீனை அடிக்கவா?"

"தெருமுனை வரைக்குமாவது ஊனிக்கிட்டுப் போங்க. நாலு பேர் பாப்பாங்க."

தெருமுனை வரை ஊன்றினார். பிறகு அங்கே நிறுத்தியிருந்த காரின் டிக்கியில் அதை எறிந்துவிட்டு, தண்ணீர் புகாத சின்னக் கேமராவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பறந்தார்.

ஆற்றங்கரையில் வெயில் மண்டையைப் பிளந்தது. லாரி டயர் ட்யூப்களில் காற்றடித்து வாடகைக்கு விடும் கடை ஒன்று. ஏறி உட்கார்ந்தால் போதும், ஆறே இழுத்துக்கொண்டு போய்க் கீழ்த்துறையில் விட்டுவிடும். அங்கே திரும்பக் கூட்டிவரக் கடையின் வேன் நிற்கும். ஆசாமி மேனேஜர் சொன்ன அடையாளப்படியே மஞ்சள் தொப்பியில் இருந்தான். கூடவே அவன் மனைவி, கழுத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் தொங்கும் போனோடு.

"அங்கிள், கொஞ்சம் உதவி பண்றீங்களா?" என்றான் மஞ்சள் தொப்பி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு. "எனக்கு முதுகு சரியில்ல."

என்ன நடிப்புடா சாமி என்று மனதுக்குள் கைதட்டியபடி, எல்லார் ட்யூபையும் தலைமேல் அடுக்கிக்கொண்டு சரிவில் துள்ளி இறங்கினார் கழுகு. ஒட்டிக்கொள்ள இதைவிட நல்ல சாக்கு ஏது? அந்தப் பெண் அதையும் படம் பிடித்தாள். கழுகுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கள்ளன் பெண்டாட்டியே சாட்சி தயாரிக்கிறாள். கேமரா தன் பக்கம் திரும்பும்போதெல்லாம் அவரும் பெருந்தன்மையாகக் கையசைத்தார்.

ட்யூபில் உட்கார்ந்ததும் அவருடைய பின்பக்கம் ஆற்றுக்குள்ளும் கால்கள் ஆகாயத்திலுமாக, மல்லாந்த ஆமையாகிவிட்டார். போதாததற்கு ட்யூப் பம்பரமாகச் சுற்றியது. ஒரு சுற்றுக்கு ஒரு தடவைதான் குற்றவாளி கண்ணில் பட்டான். பட்டபோதெல்லாம் ஆணி அடித்த மாதிரி அசையாமல் இருந்தான்.

சும்மா உட்கார்ந்திருப்பவனைப் படம் எடுத்து என்ன பயன்? கழுகு வலை விரித்தார். தன் துண்டைத் தண்ணீரில் நழுவவிட்டு, "தம்பி, எட்டிப் பிடிப்பா" என்றார். தம்பி முதுகைத் தடவிக் காட்டினான். துண்டுக்குப் பின்னால் கழுகே நீந்த வேண்டியதாயிற்று.

அடுத்து, வேண்டுமென்றே கவிழ்ந்தார். காப்பாற்றக் குதிப்பான் என்று நீருக்கடியில் கண்ணைத் திறந்துவைத்துக் காத்திருந்தார். குதிக்கவில்லை. மூச்சு முட்டவே, எம்பி ஒரே தாவலில் ட்யூபில் ஏறினார். ஆற்று மீன்களே வெட்கப்பட்டிருக்கும். "அங்கிள், சூப்பர்," என்றாள் அந்தப் பெண். "இன்னொரு தடவை பண்ணுங்க, படத்துல சரியா விழல." பண்ணினார்.

பாறையில் சிக்கிய மஞ்சள் தொப்பியை ட்யூபோடு நெம்பித் தள்ளியதும் அவரே.

கீழ்த்துறை வந்துவிட்டது. கேமராவில் ஒரு படம் இல்லை. பழைய நாற்காலி கண்ணெதிரே ஆற்றோடு போய்க்கொண்டிருந்தது. செங்குத்தான கரையைப் பார்த்து மஞ்சள் தொப்பி, என்னால ஏற முடியாது என்று முனகினான். அப்போதுதான் கழுகுக்குத் தன் வாழ்நாளின் மகத்தான யோசனை உதித்தது.

"முதுகுல ஏறிக்கோ தம்பி."

எருமைக்கன்று கனம் கனத்தான். உப்புமூட்டையாகச் சுமந்துகொண்டு மேலே ஏறினார். உச்சிக்கு வந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு கையையும் விட்டார். ஒடிந்த முதுகு என்றால் விழ வேண்டும். பொய் முதுகு என்றால் நிற்க வேண்டும்.

பூனை மாதிரி இரண்டு காலில் நின்றான் மஞ்சள் தொப்பி. கழுகு அந்த அழகைப் படம் எடுத்தார்.

"மாட்டிக்கிட்ட தம்பி," என்றார், மூச்சுகூட வாங்காமல். "வலிக்குதுன்னு பொய் சொல்லிக் கம்பெனி காசுல சாப்பிடறவங்களைக் கண்டாலே எனக்கு ஆகாது."

அவன் தொப்பியைக் கழற்றினான். அந்தப் பெண் இன்னும் போனை இறக்கவில்லை. அது இன்னும் கழுகையே பார்த்துக்கொண்டிருந்தது.

"நான் உங்க நாற்காலிக்கு வந்திருக்கற புது ஆள், சார்," என்றான் அவன் பணிவாக. "முதுகெலும்பு தேஞ்சு குனிய நிமிர முடியலன்னு சொல்லிக் கம்பெனில பென்ஷன் வாங்கறீங்களே, அந்த முதுகைத்தான் மேனேஜர் பாத்துட்டு வரச் சொன்னார்."