ஹன்சாட்டில் ஒரு சொல்

கொட்டாஞ்சேனை மாடிவீட்டின் கம்பி யன்னலால் விழும் காலை வெயிலில் பிறிஜெற் ஒரு நீலச் சேலையை அயன் பண்ணிக்கொண்டிருக்கிறாள். நாடாளுமன்ற ஒழுக்கநெறிக் குழு கூப்பிடும் நாளில் உடுக்கவென்று ஒதுக்கிய சேலை. இரண்டு வருடமாக மடிப்பு மாற்றி அயன் பண்ணுவதோடு சரி, உடுத்ததில்லை. துறைமுகத் தொழிற்சங்கச் செயலாளராக இருந்து செத்துப்போன அவள் புருஷன் ஹியூபேட்டைச் சபையில் ஓர் உறுப்பினர் பேர் சொல்லிக் கள்ளன் என்றார். சபைக்குள் சொன்னதற்கு வழக்குப் போட முடியாது. சபைப் பேச்சை அப்படியே பதியும் ஹன்சாட் புத்தகத்திலும் அது அச்சாகிவிட்டது. குழு அமைத்த செய்தி பேப்பரில் வந்த அன்றே, அந்த ஒரு சொல்லை எடுத்துவிடுங்கள் என்று குழுவுக்கு எழுதிப்போட்டாள். துறைமுகத்தில் கப்பலொன்று நீளமாக ஊதுகிறது. அது அடங்கும்வரை பொறுத்திருந்து, தபாலில் வந்த பதிலை மகள் ஜெனீற்றா மெல்லச் சொல்கிறாள்.

"அப்பாவைச் சொன்னவர் எலெக்‌ஷன்ல தோத்திட்டாராம் அம்மா. இப்ப மெம்பர் இல்லாதபடியா குழு விசாரிக்க ஏலாதாம்."

பிறிஜெற்றின் கை நிற்கவில்லை. சேலைத் தலைப்பை விரலால் நீவி, அயன்பெட்டியை அதன்மேல் பதமாக நகர்த்துகிறாள்.

"அவர் வீட்ட போயிட்டார், சரி. அவர் சொன்ன சொல்லு மட்டும் ஏன் பிள்ளை இன்னும் அங்க இருக்குது?"